பதில் பாடாதவள்

ஒப்பாரியின் மூன்றாம் அடியில்தான் வேறுபாடு தொடங்குகிறது என்று செண்பகவல்லியின் மனம் தானாகவே குறித்துக்கொண்டது. குறித்து முடித்த பிறகுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பது தன் அம்மா என்பதும், பாடுகிறவள் அண்ணன் மனைவி சண்முகத்தாய் மதினி என்பதும், பாட்டில் வந்த படித்த மகள் தானேதான் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக உறைத்தன. ஐஸ் பெட்டி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்து, அம்மாவின் நெற்றித் திருநீறு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் தோளில் தோள் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் மதினியோடு தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி அடுக்கியவர்கள். மதினி தலைமுடியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வலது கையை நீட்டி மடக்கி, ஒவ்வோர் அடியின் முடிவிலும் மூக்கைச் சிந்தாமல் உறிஞ்சி, சீராகத்தான் பாடினாள்:

மருதயில மாடி வீடு
மல்லாந்தா மின் காத்து
படிச்ச மக கைத்தாங்கல்ல
பதிவா இருப்பார் ஒன் ராசா

அவளுடைய மதுரை வீட்டை மெச்சும் முதல் இரண்டடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப்பெயரைச் சொல்லி வீட்டை மெச்சுவது எல்லா இடத்திலும் உண்டு. விளாத்திகுளத்தில் கேட்டால் அது தூத்துக்குடி வீடு, சங்கரன்கோவிலில் கேட்டால் தென்காசி வீடு, அவ்வளவுதான். அந்த மெச்சுதலுக்குப் பிறகு பாட்டு வழக்கமாகச் செத்தவளிடம் திரும்பும். இத்தனை இருந்தும் ஏன் போனாய் என்று கேட்கும். இங்கே திரும்பவில்லை. வீட்டை மெச்சிய வாயோடு வீட்டுக்குள் ஆளைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. ராசா என்றால் அப்பா. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு ஆகி ஆண்டொன்று கடந்த அப்பா. அவரைத் தூக்கி உட்காரவைக்க ஒரு ஆள், சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். இவ்வளவு நாளும் அம்மாவும் மதினியுமாக அந்த இரண்டு ஆள். இனி மதினி ஒருத்தி. இனி மதினி ஒருத்தியாக இருக்கப் போவதில்லை, அப்பா மதுரைக்கு மகள் வீட்டுக்குப் போகிறார் என்பதைத்தான் பாட்டு சொல்கிறது, எவ்வளவு மரியாதையாக, எத்தனை பேர் முன்னிலையில். கோமதிச் சித்தி, அம்மாவின் தங்கை, முழங்கையால் விலாவில் இடித்தாள். "ஏளா செம்பகம், ஒன்னத்தான் சொல்லுதா. காது கேக்கா?" "கேக்கு சித்தி." "கேட்டா மட்டும் போதுமா?" போதாது என்பது சித்தியை விடச் செண்பகவல்லிக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் எழுதாத ஒரு ஏற்பாடு உண்டு. அதைக் கண்டுசொன்னதற்காகத்தான் பல்கலைக்கழகம் அவளுக்கு முனைவர் பட்டமே கொடுத்தது. பிணத்தின் முன்னால் ஒரு பெண் பாட்டில் ஒன்றைக் கேட்டால், கேட்கப்பட்டவள் பாட்டில்தான் மறுக்க வேண்டும். மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். நாலு நாள் கழித்து அடுக்களையில் நின்று எவ்வளவு வாதாடினாலும், அன்றைக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். பதில் பாடாதவள் ஒப்புக்கொண்டவள் என்று அவளே தன் ஆய்வேட்டில் ஓர் இயலின் முடிவுரையில் எழுதியிருக்கிறாள். எழுதும்போது அது மற்றவர்களைப் பற்றியதாக இருந்தது.

உள்ளறையிலிருந்து கைதட்டல் கேட்டது. இரண்டு தட்டு, சற்று இடைவெளி, மறுபடி இரண்டு. அப்பா யாரையும் பெயர் சொல்லி அழைத்து அவள் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் செய்தித்தாள் வேண்டுமென்றாலும் கை தட்டுவார்; தட்டின விதத்தை வைத்தே அம்மா செம்பையோ மூக்குக்கண்ணாடியையோ எடுத்துக்கொண்டு போவாள். குரூரமானவர் என்று சொல்லிவிட முடியாது. கோவில்பட்டியில் பெண்ணைப் பட்டப்படிப்புக்கு மேல் அனுப்ப யோசித்த காலத்தில், தகரப்பெட்டியைத் தோளில் வைத்து மதுரை விடுதி வாசல்வரை கொண்டுவந்து வைத்தவர். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது, "அவ இஷ்டம்" என்று ஒரே சொல்லில் ஊர் வாயை மூடியவர். கை தட்டுவது மட்டும்தான். அதைக் குற்றமாக யாரும் நினைத்ததில்லை, மழை பெய்வதைப் போல வெயிலடிப்பதைப் போல அந்த வீட்டில் கை தட்டப்படும். இப்போது தட்டல் கேட்டதும் மதினியின் பாட்டு அடியின் நடுவில் அறுந்தது. அவள் கை தரையில் ஊன்றியது. அதே கணத்தில் தன் வலது முழங்காலும் தரையிலிருந்து எழும்பியிருப்பதைச் செண்பகவல்லி பார்த்தாள். தன் முழங்கால்தான், தான் எழுப்பவில்லை. வகுப்பறையில், தேர்வுக்குழுவில், நேர்முகத்தில், எங்கும் எதற்கும் பதறாத முழங்கால். மதுரைக்குப் போய் நாற்பது ஆண்டு ஆகியும் அது இன்னும் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறது போலும். மதினி எழுந்து போனாள். எழும்போது வலது காலைத் தனியாகத் தூக்கி வைத்தாள், மூட்டு அறுவைச் சிகிச்சை செய்த கால். திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அத்தையத் தேடுதாரு. போய்ட்டாகன்னு சொன்னா, எங்க போனான்னு கேக்காரு." ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். அது அப்பாவுக்கா மதினிக்கா என்று தெரியவில்லை.

பாவம்தான். இரண்டு பேருமே பாவம்தான். அப்படியிருக்க, மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருப்பது யார்? செண்பகவல்லி அந்தக் குரலை கள ஆய்வில் பாட்டுச் சொல்லவந்த ஒரு தகவலாளியைக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள். ஏன் மாட்டாய்? இடமில்லையா? இரண்டு படுக்கையறை. வருமானமில்லையா? ஓய்வூதியம் வருகிறது. உடம்பு? இன்றைக்கும் மூன்று மாடி படியேறுகிறாய். அப்பா மேல் கோபமா? இல்லை. எழுத வேண்டிய புத்தகம் பாக்கி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அப்பா தூங்கும் நேரத்தில் எழுதலாம். பிள்ளை தூங்கும் நேரத்தில் எழுதி முடித்த பெண்களை அவளுக்கே தெரியும். பிறகு என்ன? பிறகு ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பால் காய்ச்சிக் கொண்டு பின்பக்கத்துச் சாளரத்தருகே உட்காருவாள். கீழே கார்ப்பரேஷன் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் நாய்கள் ஓடும். ஒருவரோடும் பேச வேண்டியதில்லை. ஒருவருக்கும் காது கொடுக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர் குரலுக்குக் காது கொடுத்ததே தொழிலாக இருந்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் காதைக் கழற்றி வைத்ததுபோல இருக்கும். இதைக் காரணம் என்று சொல்ல முடியுமா? பெட்டிக்குள் கிடக்கிறவளின் முன்னால், காலைத் தனியாகத் தூக்கி வைக்கிறவளின் முன்னால், எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் வேண்டும் என்று? பாடுவதற்கே வாய் வராது. கல்லூரி வகுப்பில் 'இலக்கியத்தில் பெண்' என்ற தாளை அவள் எத்தனையோ தொகுதி மாணவிகளுக்கு நடத்தியிருக்கிறாள். மறுத்த பெண்களைப் பட்டியலிடச் சொன்னால் பிள்ளைகள் கடகடவென்று சொல்வார்கள். அநீதி கண்டு மறுத்தவள், காதலுக்காக மறுத்தவள், கற்புக்காக மறுத்தவள், கடவுளுக்காக மறுத்தவள். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், சும்மா வேண்டாம்னு சொன்னவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. செண்பகவல்லியும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனாள். மறுப்பென்றால் பின்னால் ஒரு மலை நிற்க வேண்டும். மலை இல்லாதவள் மறுப்பதற்கு எந்தக் காலத்துப் புலவனும் ஒரு செய்யுளை ஒதுக்கவில்லை. சரி, புலவர்களை விடு. பாடுகிறவளே தன் பாட்டைக் கட்டும் ஒப்பாரியில் எப்படி? அங்கும் பதில்கள் உண்டு. அவற்றைத் தேடித்தான் அவள் மனம் இப்போது தன் ஒப்பாரி ஆய்வுப் புத்தகத்தின் பக்கங்களை ஓட்டிக்கொண்டிருந்தது. மேற்பகுதியில் அல்ல, அடியில், பொடி எழுத்தில். ஆய்வு நெறியாளர் சொல்லியிருந்தார்: "இதோ பாருங்கம்மா, அங்கே உட்கார்ந்திருந்தவங்களக் குறிச்சுப் பாடினதெல்லாம் இடைச்செருகல். மூல பாடத்தில் சேர்க்காதீங்க. வேணும்னா அடிக்குறிப்பில் போடுங்க." போட்டாள். அண்ணன் பிள்ளைகளை வளர்க்கச் சொன்னபோது, நானே கூரையில்லாமல் நிற்கிறேன் என்று பாடியவள் அடிக்குறிப்பில் இருக்கிறாள். மாமியாரை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, புருஷன் அடிக்கிற வீட்டுக்கு எப்படி அழைப்பேன் என்று பாடியவள் இருக்கிறாள். கண் தெரியவில்லை என்றவள், கடன்காரன் வாசலில் என்றவள், காசநோய் என்றவள். எல்லாரிடமும் காரணம் இருந்தது. எல்லாரும் முடியாது என்றுதான் பாடியிருந்தார்கள், அவர்கள் ஊர் வழக்கில் ஏலாது என்று. ஏலாது, ஏலாது, என்னால் ஏலாது. ஒருத்திகூட மாட்டேன் என்று பாடவில்லை. அவள் சேகரித்த அத்தனை வடிவங்களிலும் அந்தச் சொல் ஒப்பாரிக்குள் வந்ததே இல்லை. இன்னொன்றும் வந்ததில்லை, இப்போதுதான் தட்டுப்பட்டது: ஒருவரையாவது பார்த்துக்கொள்ளும்படி ஓர் ஆணிடம் யாரும் பாடிக் கேட்டதில்லை. பாட்டில் ஆண்கள் ராசாவாக இருப்பார்கள், பல்லக்கில் போவார்கள், கைத்தாங்கலில் இருப்பார்கள். தாங்குகிற கை எல்லாப் பாட்டிலும் வளையல் போட்ட கைதான். இத்தனை ஆண்டுகளில் இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், வராத அடிக்கு அடிக்குறிப்பு எழுதும் வழக்கம் கிடையாது.

வெளியே சாமியானாவுக்குக் கீழே பித்தளைக் குடங்களை யாரோ புளி போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர ஆண்கள் நீர்மாலைக்குக் கிளம்பப் போகிறார்கள். கொட்டுக்காரர் சுள்ளியைக் கொளுத்தி மேளத்தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். நீர்மாலை புறப்பட்டுவிட்டால் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அதன் பிறகு பாட்டு இல்லை, பாடினாலும் கணக்கில் வராது. அண்ணன் முத்தையாவின் குரல் வெளியிலிருந்து கேட்டது. ஐஸ் பெட்டிக்காரரிடமோ பூக்காரரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். அண்ணன் நல்லவன். நல்லவர்கள்தான் இந்தக் குடும்பத்தில் எல்லாரும். சித்தி மறுபடி குனிந்தாள். "கொட்டு வந்தாச்சு. என்ன செய்யப் போறே? கூட்டிட்டுப் போறதுன்னா ஒரு வார்த்தை பாடிட்டாலும் அவளுக்கு மனசு ஆறும். ஒண்டிக்கட்டதானே, ஒனக்கும் ஒரு தொணயாச்சு." துணை. அதற்குத்தான் அவள் பயப்படுகிறாள் என்று சித்தியிடம் எப்படிச் சொல்வது? தன் வீட்டு நடுக்கூடத்தில் கை தட்டப்படுவதை அவளால் இப்போதே கேட்க முடிந்தது. அந்தச் சுவர்களில் அது எப்படி மோதித் திரும்பும் என்பதுகூடத் தெரிந்தது. பாலை அடுப்பில் விட்டுவிட்டு, சாளரத்தை விட்டுவிட்டு, வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு முழங்கால் எழும்பும். அப்பாவைக் கண்டு பயமில்லை. முழங்காலைக் கண்டுதான் பயம். பெட்டிக்குள் பார்த்தாள். அம்மாவின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அம்மா மறுத்ததே இல்லையா? இல்லை என்றுதான் கைபோன போக்கில் எழுதியிருப்பாள், யாராவது கேட்டிருந்தால். ஆனால் இப்போது ஐஸ் பெட்டியின் உறுமலுக்கு அடியிலிருந்து ஆட்டுக்கல்லின் சத்தம் எழுந்து வந்தது. ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா தோசைக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறாள், முழங்கைவரை மாவு. உள்ளேயிருந்து தட்டல். அம்மா எழவில்லை. குழவியை ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி தட்டல். அம்மா மகளைப் பார்க்காமல், கல்லைப் பார்த்து, தனக்கே சொல்வதுபோல, "கொஞ்சம் தட்டட்டும்" என்றாள். இன்னொரு சுற்று. இன்னொரு தட்டல். உதட்டோரத்தில் சிரிப்பா, வியர்வை நெளிந்ததா? பிறகு கையை வழித்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான். நோவில்லை, சண்டையில்லை, காரணமில்லை. மாவு ஆட்டி முடியவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்க் குரல்களைத் தேடியவள் அந்த இரண்டு சொல்லை எங்கும் பதியவில்லை. அது பாட்டாக இல்லாததால் குறித்துவைக்க வேண்டிய வடிவமாகவும் தோன்றவில்லை.

மதினி அதே நாலடியை மறுபடி எடுத்தாள். இந்த முறை முடிக்கற்றைக்கு நடுவிலிருந்து நேராகப் பார்த்துப் பாடினாள். அந்தப் பார்வையில் தந்திரம் ஒன்றும் இல்லை. களைப்பு இருந்தது. செண்பகவல்லி சரி என்று பாடினால் இந்தப் பெண் இன்றிரவு முழுவதும் தூங்குவாள். ஏலாது என்று பாடிவிட்டாலும் ஒருவாறு பிழைத்துக்கொள்ளலாம். மூட்டுவலி என்று சொல்லலாம், படியேற முடியவில்லை என்று சொல்லலாம். அந்தத் தழும்பேறிய மூட்டுக்கு எதிரே உட்கார்ந்து மூட்டுவலி என்று பாடுவதா? அது மதினியை அவமதிப்பது. பொய்யான காரணத்தைச் சொல்வதைக் காட்டிலும் காரணமில்லாமல் இருப்பது மரியாதை. இப்படி நினைத்தபோதே அவள் வாய் திறந்திருந்தது. வாழ்நாளில் ஒப்பாரி பாடியவள் அல்ல. பாடியவர்களின் மூச்சுக்கூட எங்கே விழும் என்று அளந்து எழுதியவள், தன் மூச்சு எங்கே விழுகிறது என்று தெரியாமல் பாடினாள். குரல் வகுப்பறைக் குரலாக உரக்க வந்தது. முதல் இரண்டடி சங்கரன்கோவில் இழுவையிலும் அடுத்த இரண்டடி எந்த ஊரிலும் இல்லாத இழுவையிலும் இருந்தன:

வீடு உண்டு வாசல் உண்டு
வெளிச்சத்துக்கும் கொறவு இல்ல
நோவு இல்ல நொடியும் இல்ல – அம்மா
நான் மாட்டேன் மாட்டேனம்மா

ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஆடிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் அப்படியே நின்றன. "காரணம் சொல்லாம இது என்ன பாட்டுளா?" என்றாள் சித்தி, நிஜமான திகைப்போடு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "டீச்சருக்கு ராகம் வரல. வார்த்தை மட்டும் பளிச்சுன்னு வந்துட்டு" என்றாள். அழுதுகொண்டிருந்த இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து, மறுபடி அழுகையாகிவிட்டது. செண்பகவல்லி மதினியை மட்டும் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வந்தால் நியாயம்தான். மதினி அவளை வெகுநேரம் பார்த்தாள். கடையில் வெகுநாளாகப் பார்த்துவிட்டு விலை கேட்காமலே வந்த சேலையை இன்னொருத்தி உடுத்தி வரும்போது பார்ப்பது போன்ற பார்வை. "செம்பகம்," என்றாள், பாட்டாக அல்ல, வெறும் பேச்சாக. "அப்படியும் சொல்லலாமாக்கும்?" செண்பகவல்லி "சொல்லிட்டேன் மதினி" என்றாள்.

உள்ளறையில் கை தட்டிற்று. மதினியின் கை தரையில் ஊன்றியது; வலது கால் தனியாக நகர்ந்தது. செண்பகவல்லியின் முழங்காலும் எழும்பத்தான் பார்த்தது. அதன்மேல் தன் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையை மதினியின் மூட்டின்மேல், சேலைக்கு மேலாகத் தழும்பு தட்டுப்படும் இடத்தில் வைத்தாள். "கொஞ்சம் தட்டட்டும் மதினி." மதினி அந்தக் கையை விலக்கவில்லை, எழவும் இல்லை. மறுபடி இரண்டு தட்டு. சித்தி எழப் போனவள், இவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று உட்கார்ந்துவிட்டாள். வெளியே பேச்சு நின்றது. "ஏ, யாராவது உள்ள போய்ப் பாருங்களேன், அப்பா கூப்புடுதாருல்லா!" என்றான் முத்தையா. இத்தனை பெண்களில் ஒருத்தியும் அசையவில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து அசையாமல் இருந்தால் அதற்கும் ஒரு சத்தம் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. ஐஸ் பெட்டி உறுமியது. மறுபடி தட்டல், இந்த முறை மெதுவாக, கேட்பதுபோல. சாமியானாவுக்குள் நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. வாசலில் செருப்பு கழன்றது. அண்ணன் பெண்களின் முழங்கால்களுக்கு நடுவே இடம் பார்த்துக் காலை வைத்து, யாரையும் மிதித்துவிடாமல், கூட்டத்தைக் கடந்து உள்ளே போனான். "என்னப்பா?" என்ற அவன் குரல் கேட்டது. பிறகு, "எப்படிப் பிடிக்கணும்? இங்கயா? சாயாதீகப்பா, இருங்க, இருங்க" என்று கேட்டது. மதினி தலையைச் சாய்த்துச் செண்பகவல்லியின் தோளில் வைத்தாள். அவள் உடம்பு குலுங்கியது. அழுகைதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மூக்கை உறிஞ்சி, கையை நீட்டி, புது அடி ஒன்றை எடுத்தாள்:

பெத்த மகன் வந்தாரத்தே – ஒன்
ராசாவத் தாங்க வந்தார்

முதல் அடியிலேயே வேறுபாடு. செண்பகவல்லி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த அடிக்கு மதினி மூச்செடுத்தபோது, தாளம் தப்பும் என்று தெரிந்தே, தானும் வாயைத் திறந்தாள்.